10 மடங்கு கை லென்ஸ்: காசித்தும்பை பார்க்கப் போகிறவர்களுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் செடி பார்க்கப் போகிறவர்கள் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால், 10 மடங்கு ட்ரிப்ளெட் மடக்கு லென்ஸ்தான் என்று தயங்காமல் சொல்வேன். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது என்பதால் ஓரம் வரை தெளிவாகத் தெரியும். 20 மடங்கும் என்னிடம் இருக்கிறது, ஆனால் அதைப் பூவுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் வரை கொண்டுபோக வேண்டும், நம் தலையே வெளிச்சத்தை மறைத்துவிடும்.

காசித்தும்பைக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்? இந்த மலைத்தொடரில் அந்தப் பேரினத்தில் மட்டும் நூறு இனங்களுக்கு மேல் உண்டு, புதிதாகவும் விவரிக்கிறார்கள். மற்ற பல செடிகளை அழுத்தி உலர்த்தி ஹெர்பேரியத் தாளில் (உலர்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் தாள்) ஒட்டிவிட்டால் அப்புறம் சாவகாசமாக ஆராயலாம். காசித்தும்பைப் பூ அப்படியில்லை. நீர் நிறைந்த மெல்லிய இதழ்கள் அழுத்தியதும் ஒன்றோடொன்று ஒட்டி வடிவமே போய்விடும். 1911இல் இறந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் தன் கடைசி ஆண்டுகளில் இந்தப் பேரினத்தோடுதான் மல்லுக்கட்டினார், அதுவும் பெரும்பாலும் உலர்ந்த மாதிரிகளை வைத்து! அதனால் புது இனம் என்று எழுத வேண்டுமானால் பூவின் பின்னால் நீண்டிருக்கும் வால் எவ்வளவு நீளம், எப்படி வளைந்திருக்கிறது, சிறகு மாதிரி இணைந்த பக்க இதழ்கள் என்ன வடிவம் என்பதையெல்லாம் பூ உயிரோடு இருக்கும்போதே பார்த்துக் குறித்தாக வேண்டும்.

லென்ஸில் பார்த்தால் ஐந்து மகரந்தத்தாள்களும் சேர்ந்து சூலகத்தின் மேல் தொப்பி போட்டது போல மூடியிருக்கும். மகரந்தம் தீர்ந்ததும் அந்தத் தொப்பி கழன்று விழும், அதன்பிறகுதான் சூல்முடி வெளியே தெரியும். ஆகவே ஒரே செடியில் இரண்டு பருவப் பூக்களையும் பாருங்கள், இல்லையென்றால் வயது வித்தியாசத்தை இன வித்தியாசமாக எழுதிவிட வாய்ப்புண்டு.

குறை என்றால் ஈரம்தான். இவற்றில் பல தென்மேற்குப் பருவமழையில் பூப்பவை, நம் மூச்சுக்காற்றே கண்ணாடியில் படிந்துவிடும், பழைய பருத்தித் துணி ஒன்று சட்டைப்பைக்குள் நனையாமல் இருக்கட்டும். எல்.ஈ.டி. விளக்கு வைத்த மாடல் வேண்டாம், நேர் வெளிச்சத்தில் மெல்லிய மயிர்கள் தெரியாமல் போகும்.

இணையத்தில் மலிவாக "30 மடங்கு" என்று விற்கும் அகலமான லென்ஸ்களை நம்பாதீர்கள். அசல் 10 மடங்கு லென்ஸில் பூ இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் தெளிவாகும். 30 மடங்கு என்றால் அந்தத் தூரம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக வர வேண்டும், அளந்து பார்த்து வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.