கல்லடியில் படம் வாங்கப் போகிறவர்களுக்கு

மிருதங்கம் வாசித்த ஒருவர் மட்டக்களப்புக் கல்லடியில் தன் வீட்டு முன்னறையில் படம் வரைந்து விற்கிறார் என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடை என்று சொல்ல முடியாது. பெயர்ப்பலகை இல்லை, சுவர் முழுக்கப் படம், ஒரு மேசை, இரண்டு கதிரை, அவ்வளவுதான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் சேர் என்றே எழுதுகிறேன். பாலத்தடி ஆட்டோக்காரர்களிடம் 'மிருதங்க சேர் வீடு' என்றால் கொண்டுபோய் விடுவார்கள்.

பாவம் பார்த்து வாங்குவதாக இருந்தால் போகவே வேண்டாம். அவரைப் பற்றி முகநூலில் போடுகிற எல்லாரும் 'கை முடங்கியும் மனம் தளராத கலைஞர்' என்று கண்ணீர் வடிக்கிறார்கள், ஆனால் கை முடங்கவே இல்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் 'நம்' என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் நடுவில் உள்ள கறுப்பு வட்டமான கரணையின் ஓரத்தை லேசாகத் தொட்டபடி நிற்க வேண்டும், ஆள்காட்டி விரல் விளிம்பில் விழ வேண்டும். இவருக்கு மிருதங்கத்தில் கை வைத்தவுடன் மோதிர விரலும் சின்ன விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டுவிடும். வலி கிடையாது. அதே கையால் சோறு பிசைவார், கையெழுத்துப் போடுவார், ஒன்றும் ஆகாது. நரம்புத் தளர்ச்சி என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு எண்ணெய் போட்டு உருவி, கட்டுப்போட்டு, நேர்த்தியும் வைத்து, எல்லாம் முடிந்த பிறகு கொழும்பில் ஒரு நரம்பியல் வைத்தியர்தான் ஃபோகல் டிஸ்டோனியா, அதாவது பழகிய ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் தசை தானாக இறுகிக்கொள்ளும் கோளாறு என்று சொல்லியிருக்கிறார். ஒரே நுண்ணிய அசைவை வருடக்கணக்காகச் செய்து செய்து, பக்கத்துப் பக்கத்து விரல்களுக்கு மூளையில் இருக்கும் இடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாம். தொழிலாக வாசிப்பவர்களில் நூற்றில் ஒருவருக்கு வரலாம் என்கிறார்கள். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் பிளைஷருக்கு 1960களில் வலக்கையில் இதுதான் வந்தது, முப்பது வருடமாக இடக்கைக்கு எழுதிய இசையை வாசித்தும் கற்பித்தும் இருந்துவிட்டு, தசையைத் தளர்த்தும் போடொக்ஸ் ஊசியின் உதவியோடு 1990களில் இரண்டு கையாலும் மேடையேறினார். சேர் அந்த ஊசியையும் போட்டுப் பார்த்திருக்கிறார், விரல் நிமிர்ந்ததாம், நாதம் வரவில்லையாம்.

சரி, படங்களுக்கு வருவோம். சுவரில் தொங்குபவை வாவி, சூரிய அஸ்தமனம், தோணி, மீன்மகள். மட்டக்களப்பில் எந்த ஹோட்டல் வரவேற்பறையிலும் இருப்பவைதான், இவருடையவை அவற்றைவிட மோசமும் இல்லை, மேலும் இல்லை. ஏன் சேர் இதையெல்லாம் வரையிறீங்க என்று கேட்டேன். "வெளிநாட்டால வாறவங்க இதத்தான் மனே கேக்காங்க, கரண்ட் பில் கட்டணுமே" என்று சிரித்தார். அது நியாயம்தான்.

நான் சொல்ல வந்தது கறுப்பு மைப் படங்களைப் பற்றி. நான் வாங்கியது 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம். முதல் பார்வைக்கு வெறும் கோடுகள்தான். கிட்டப் போனால் மூன்று கோடு, சின்ன இடைவெளி, நாலு கோடு, மறுபடி மூன்று, நாலு. மூன்றும் நாலுமாக ஏழு எண்ணிக்கைத் தாளம், மிஸ்ரசாபு! தகிட தகதிமி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேதான் தூரிகையை வைக்கிறார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒவ்வொரு மூன்றிலும் முதல் கோடு மட்டும் தடித்து விழுகிறது. பாலத்தின் நடுவில் ஓரிடத்தில் கோடே இல்லை, வெறும் கடுதாசி. மழை பட்டு அழிந்ததோ என்று நினைத்தால் அது கார்வை, வாசிப்பில் வேண்டுமென்றே விடும் இடைவெளி. தாளம் தெரியாத என் மனைவிக்கும் அந்த இடத்தில் கண் நிற்கிறது. அந்தக் கறுப்பும் கடை மை இல்லை, பழுதான வலந்தலைகளின் கரணையைச் சுரண்டி அரைத்துப் பிசினில் குழைத்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் துகள் மினுங்கும். தூரிகை பிடிக்கும்போது மோதிர விரல் ஒழுங்காக நேராகவே இருக்கிறது, அதையும் கவனித்தேன்.

சின்னது 6,000 ரூபாய், பெரியது 25,000. அஸ்தமனத்துக்கும் இதே விலைதான், அது எனக்கு ஒப்பவில்லை, கறுப்புப் படத்துக்குக் கூடுதலாகக் கேட்கலாம். பேரம் பேசினால் குறைப்பார், அதனாலேயே பேசாதீர்கள்.

குறையும் உண்டு. சொல்லி வரைவிப்பதானால் சொன்ன திகதிக்குக் கிடைக்காது, அதற்கு விரல் காரணம் இல்லை, ஆள் அப்படி. கலியாணச் சோடியின் முகம் வரையச் சொல்லாதீர்கள், மூக்கு வேறு யாருடையதோ வந்துவிடும். பிறேம் அவரிடம் போடவே வேண்டாம். கண்ணாடி கடுதாசியோடு ஒட்டிக் கிடக்கும், நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரு மாரி போனால் பூஞ்சணம் பிடித்துவிடும், என் படத்திலும் பிடித்தது. வெறும் படமாக வாங்கி, இடையில் மவுண்ட் அட்டை வைத்து வெளியில் போட்டுக்கொள்ளுங்கள். தூர இடத்துக்கு பீவீசீ குழாயில் சுருட்டி அனுப்புகிறார், கொழும்புக்கு என் தங்கைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

வேலை நாட்களில் நாலு மணிக்குப் பிறகு போங்கள். சனிக்கிழமை வகுப்பு, இப்போதும் தகிட தகதிமி போன்ற சொற்கட்டை வாயால் சொல்லிப் பிள்ளைகளுக்கு மிருதங்கம் படிப்பிக்கிறார், அந்த நேரம் போனால் வாசலில்தான் நிற்க வேண்டும். அப்புறம், சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். கறுப்புப் படங்கள் மேசைக்குக் கீழே ஒரு பழைய சூட்கேஸில் கிடக்கின்றன, கேட்டால்தான் எடுப்பார். கார்ட் மெஷின் இல்லை, காசாகக் கொண்டுபோங்கள்.