நூறு மீட்டர், ஒரு ஏர் ரைபிள், ஒரு கைப்பம்ப்: நாலு வருட அனுபவம்

போன வாரம் என் ஏர் ரைபிளுக்குக் காற்று ஏற்றுகிற பம்ப் மூன்றாவது முறையாக ரிப்பேராகி வீட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலமே ராணிப்பேட்டையிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். அமெரிக்காவில் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் இரும்புத் தகட்டைச் சுடுகிற போட்டியின் வீடியோவைப் பார்த்திருக்கிறான். "மாமா, நீங்க தோப்புல சுடுறீங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? நானும் ஆரம்பிக்கலாம்னு பாக்குறேன். எவ்வளவு ஆகும்?" என்று கேட்டான். பம்ப் மேல் இருந்த கோபத்தில் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன். இதே கேள்வி வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் ஆகட்டும்.

ரைபிளைப் பற்றிய விவரம் தேடினாலே கிடைக்கும். இந்தியாவில் தயாரான 4.5 மி.மீ. பி.சி.பி., அதாவது சிலிண்டரில் முன்பே அழுத்தி வைத்த காற்றால் சுடுவது. ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் காற்றை விடுகிற ரெகுலேட்டர் இல்லாத மாடல். மேலே 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப். இதில் போடுகிற ஈயக் குண்டுதான் பெல்லட். ஜே.எஸ்.பி. கம்பெனியின் ஹெவி பெல்லட், 0.67 கிராம் எடை உள்ளது, இதில் நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் போகிறது. ஆற்றல் 18 ஜூலுக்குக் கொஞ்சம் கீழே. குழல் விட்டம் 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ, ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும் என்பது 2016 ஆயுத விதிகள். இது இரண்டுக்கும் உள்ளேதான். தோள்வார் மட்டும் ஆம்பூரில் ஒரு தோல் தொழிலாளி தைத்துக் கொடுத்தது. நாலு வருடத்தில் ஒரு தையல்கூட விடவில்லை. என்னிடம் இருக்கும் சாமான்களில் ஒரு குறையும் சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

சுடுவது ஒடுகத்தூர் பக்கம் அண்ணனின் மாந்தோப்பில், ஜவ்வாது மலையடிவாரம். தோப்பின் கடைசியில் ஆள் உயரத்துக்கு மேல் மண் கரை, அதற்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கு. காகிதம், இரும்புத் தகடு இரண்டைத் தவிர எதையும் சுடுவதில்லை. ஆடு மேய்ப்பவர் அந்தப்பக்கம் வந்தால் அவர் தாண்டிப் போகும்வரை ரைபிள் காலியாகப் பாய் மேல் கிடக்கும்.

அக்கா மகன் பார்த்த போட்டி இரண்டு மைல் தூரம், அதாவது 3,219 மீட்டர். வேலூர் கோட்டை மதிலில் ஒருவர் படுத்துக்கொண்டு, பாலாற்றுக்கு அந்தக் கரையில் வைத்த ஒரு தகட்டைக் குறிபார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டு ஐந்து விநாடிக்கு மேல் ஆகாயத்திலேயே இருக்கும். போகிற வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும், அந்த இடத்தில் தள்ளாடும். சுழல்கிற குண்டு என்பதால் தானாகவே ஒரு பக்கம் ஒதுங்கும். பூமி சுற்றுவதைக்கூடக் கணக்கில் சேர்க்க வேண்டும். .375 செய்டாக், .416 பாரெட் போன்ற பெரிய தோட்டாக்கள்தான் அவ்வளவு தூரம் தாங்கும். ஒரு தோட்டாவே சில டாலர்கள், நம் பணத்தில் பல நூறு ரூபாய். ஸ்கோப் மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டும். குழலும் தேய்ந்துகொண்டே வரும், பிறகு மாற்ற வேண்டும். இங்கே நமக்கு அந்தக் கணக்குக்கே இடமில்லை. .303, 7.62 போன்ற ராணுவ விட்டங்கள் பொதுமக்களுக்குத் தடை. லைசென்ஸ் எடுத்து வேறு ரைபிள் வாங்கினாலும் ஆயிரம் மீட்டர் திறந்த இடத்துக்கு எங்கே போவது?

ஆனால் அதில் இருக்கும் ருசி என்ன என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அப்பா கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போன ஊர் அது. அப்பா .303 பிடித்தவர். அந்த ரைபிளின் பின் சைட்டில் 1,300 கெஜம் வரை கோடு போட்டிருக்கும் என்று சொல்லி, அந்தக் கடைசிக் கோட்டில் சுட்டுப் பார்க்கத் தனக்கு வாய்க்கவே இல்லை என்று வருத்தப்படுவார். "காத்து சும்மா வராதுடா, சொல்லிட்டுத்தான் வரும். நீ பாத்துகினே இரு" என்பார். அது அப்போது எனக்குப் புரியவில்லை.

புரிந்தது இந்த ஏர் ரைபிளில், வாங்கி ஆறேழு மாதம் கழித்து. 50 மீட்டரில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் குறுக்குக் காற்று, அதாவது மா இலை ஆடுகிற காற்று, பெல்லட்டை மூன்று விரல்கடை தள்ளும். சரி, இரண்டு மடங்கு தூரத்தில் ஆறு விரல்கடை தள்ளும் என்றுதான் நினைத்தேன். 100 மீட்டரில் ஒரு முழு சாண் தள்ளியது. தூரம் இரட்டித்தால் தள்ளல் ஏறத்தாழ நாலு மடங்கு. இறக்கமும் அப்படித்தான். 40 மீட்டருக்கு ஸ்கோப்பைப் பொருத்தினால் 100 மீட்டரில் பெல்லட் முக்கால் மீட்டருக்கும் கீழே போய் விழுகிறது. 175 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டு போடுகிற .308 ரைபிளில், மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று ஆயிரம் கெஜத்தில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தள்ளும். அந்தச் சுடுநர் படுகிற பாடு முழுவதையும் நான் பத்தில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு மாந்தோப்புக்குள் படுகிறேன். எனவே அக்கா மகனின் முதல் கேள்விக்குப் பதில்: சம்பந்தம் இருக்கிறது, நிறையவே.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் கானல். வாங்கும்போது நான் எதிர்பார்க்காதது, எந்தக் கடைக்காரரும் சொல்லாதது. ஸ்கோப்பை 24 மடங்கில் வைத்து, குவியத்தைத் தகட்டுக்குச் சற்று முன்னால் கொண்டு வந்தால் காற்று கண்ணுக்குத் தெரிகிறது. நிஜமாகவே தெரிகிறது. தகட்டுக்கு முன்னால் ஓடைத் தண்ணீர் போல நெளி நெளியாக ஓடும். இடமிருந்து வலம் ஓடினால் காற்று அப்படி வீசுகிறது. நெளிவு படுக்கப் படுக்க வேகம் கூடுகிறது என்று அர்த்தம். மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டினால் எல்லாம் தட்டையாகிவிடும், அதற்கு மேல் கானல் ஒன்றும் சொல்லாது. சில சமயம் உலை கொதிப்பது போல நேர் மேலே எழும்பும். பார்க்கக் காற்றே இல்லாதது போல இருக்கும். அப்போதுதான் சுடக் கூடாது. காற்று நேர் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ வீசலாம், அல்லது திசை மாறப்போகிற நேரமாக இருக்கலாம். விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மூச்சை விட்டு, நெளிவு மறுபடி ஒரு பக்கம் சாயும்வரை காத்திருக்க வேண்டும். அப்பா சொன்ன 'சொல்லிட்டுத்தான் வரும்' இதுதான் என்று தெரிந்த அன்று அவர் உயிரோடு இல்லை.

வெயிலூர் என்று எங்கள் வேலூரைச் சொல்வார்கள் இல்லையா, இந்த ஒரு விஷயத்தில் அந்த வெயில் நமக்கு வரம். கானல் இங்கே காலை ஒன்பதரைக்கே ஆரம்பித்துவிடும். தோப்புக்குப் போக முடியாத வாரங்களில் பத்து மடங்கு பைனாகுலரை ஒரு ட்ரைபாடில் மாட்டிக்கொண்டு பாலாற்றங்கரையில் நிற்பேன். தண்ணீரில்லாத ஆறு என்று ஊரைப் பற்றிய பழைய பேச்சில் வருகிற அதே ஆறுதான். அந்த மணலின் மேல் ஓடுகிற கானலை அரை மணி நேரம் பார்த்து, காற்று எவ்வளவு என்று நோட்டில் எழுதி, பிறகு பாலத்தின் பக்கம் கட்டியிருக்கும் கொடிகளைப் பார்த்துச் சரிபார்ப்பேன். பைசா செலவில்லை. ஆடி மாதக் காற்றில் மட்டும் இது நடக்காது. அப்போது கானலே நிற்காது.

சரி, இப்போது பம்ப்.

கார் டயருக்கு இரண்டு, இரண்டரை பார் காற்று போதும். இந்த ரைபிளின் சிலிண்டருக்கு 200 பார். ரெகுலேட்டர் இல்லாததால் 200 வரை ஏற்றினால் முதல் சில பெல்லட்டுகள் நொடிக்கு 218 மீட்டர் வேகத்தில் மெதுவாகப் போகும், நடுவில் 230-க்கு ஏறும், கடைசியில் மறுபடி இறங்கும். பத்து மீட்டரில் அது தெரியாது. 100 மீட்டரில் அந்த வித்தியாசம் மேலும் கீழுமாக அரைச் சாணுக்கு மேல் விரிந்துவிடும். அதனால் நான் 180 பாருக்கும் 130 பாருக்கும் நடுவில்தான் சுடுகிறேன். முப்பது பெல்லட் வரும். அந்த முப்பது முடிந்ததும் தொண்ணூறு, நூறு அடி பம்ப் அடிக்க வேண்டும். நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வு, எனக்கு இல்லை, பம்புக்கு. அடிக்குழாயில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும்.

அந்தச் சூடுதான் காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையத்தை, அதாவது சீல் என்பதைத் தின்கிறது என்று நினைத்திருந்தேன். பம்ப் காற்றை மூன்று கட்டமாக அழுத்தும். மூன்றாம் கட்டத்துக் கம்பி பென்சில் பருமன்தான் இருக்கும். அதன் முனையில் ஒரு சின்னக் கறுப்பு ஓ-ரிங், சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. 200 பாரும் அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு நாள் அழுத்தம் காட்டும் முள் 150 பாருக்கு மேல் ஏறவே இல்லை. கழற்றிப் பார்த்தேன். வெளிச்சத்தில் திருப்பினால் ஓரத்தில் நகக்குறி போல ஒரு வெட்டு, அவ்வளவுதான். வெளியூர் டீலருக்குக் கூரியரில் அனுப்பினேன். 23 நாள் கழித்து வந்தது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் அதே வெட்டு. இரண்டாவது முறை அனுப்பினேன், மறுபடி அதே கதை. இந்த முறை அனுப்பவில்லை. காட்பாடியில் தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் கம்பியை உருட்டி, விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். "சார், ரிங்கு மேல தப்பில்ல, கம்பி மேல கீறல் இருக்கு. எத்தினி ரிங்கு போட்டாலும் அறுக்கும்" என்றார். பத்து நிமிடத்தில் மெருகேற்றிக் கொடுத்தார். கூலி 150 ரூபாய். இரண்டு முறை பணம் வாங்கிக்கொண்டு ரிங்கை மட்டும் மாற்றி அனுப்பியவர்கள் ஒரு தடவையாவது அந்தக் கம்பியைத் தடவிப் பார்த்திருக்கக் கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

பம்ப் வேண்டாம், அழுத்தக் காற்று அடைத்த டைவிங் சிலிண்டர் வாங்கிக்கொள் என்று சொல்பவர்கள் உண்டு. வேலூரில் கடல் இல்லை, அதை நிரப்பித் தருகிற இடமும் எனக்குக் கிடைக்கவில்லை. சென்னைக்கோ புதுச்சேரிக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வெல்டிங் கடையில் ஆக்சிஜன் அடித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். இதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அழுத்தமான ஆக்சிஜன் துளி எண்ணெயோடு சேர்ந்தாலே தீப்பிடித்து வெடிக்கும். சாதாரணக் காற்றுக்குக்கூட வண்டி கிரீஸைத் தொடக் கூடாது, சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான். மழைக்காலத்தில் பம்பின் வடிகால் திருகைத் திறந்தால் உள்ளங்கையில் தண்ணீர் தெறிக்கும். அது சிலிண்டருக்குள் போனால் உள்ளே துருதான். அதனால் இருபது அடிக்கு ஒரு தரம் திறந்து வடிக்கிறேன்.

செலவை நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன். ரைபிள் 58,000. ஸ்கோப் 24,000. பம்ப் 14,000. வேகம் அளக்கும் கருவி 9,000. சீல், கூரியர், கூலி எல்லாம் சேர்த்து 9,000. மாதம் நானூறு பெல்லட் வீதம் நாலு வருடத்தில் 80,000. மொத்தம் 1,94,000 ரூபாய். வாங்கிய அன்று 96,000-தான் என்று சந்தோஷப்பட்டேன். பெல்லட்டுக்கு இவ்வளவு போகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் மலிவான பெல்லட்டில் முதல் வருடத்தை வீணாக்காமல் இருந்திருப்பேன். மலிவு டப்பாவில் எடை ஒன்றுக்கொன்று மாறும், 100 மீட்டரில் அது காற்றா பெல்லட்டா என்றே தெரியாது.

ரைபிள் நல்ல ரைபிள்தான். விசை இன்றும் முதல் நாள் போலவே இருக்கிறது. காற்று அமைதியான மார்கழிக் காலையில் 100 மீட்டரில் ஐந்து பெல்லட்டை ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுக்குள் இதில் போட்டிருக்கிறேன். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனாலும் அக்கா மகனுக்கு இன்று என் பதில், வாங்காதே. ரெகுலேட்டர் இல்லாத ரைபிளும் கைப்பம்பும் சேர்த்து வாங்கவே வாங்காதே. சம்பளம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இரண்டு லட்சத்தை இதில் போடாதே. அடுத்த மாதம் கேட்டால் ஒருவேளை வேறு மாதிரி சொல்வேன். இன்று இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்கு வா. ஏழு மணிக்குள் வந்தால் காகிதம் மாட்ட நேரம் இருக்கும். ஒன்பதரைக்குக் கானல் எழும்பும். பம்ப் அடிக்கிற வேலை என்னுடையது. நீ ஸ்கோப்பில் கண் வைத்து, நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மட்டும் எனக்குச் சொல்லிக்கொண்டே இரு.