புயல் நாளில் எதைத் திறப்பது? நான்கு காற்று வரைபடங்களும் ஒரு ரேடாரும்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூரில் எங்கள் குடும்பக் குழு விடிய விடிய விழித்திருக்கும். வங்கக் கடலில் ஒரு தாழ்வு உருவாகிறது என்றதும் ஆளாளுக்கு ஒரு படம் அனுப்புவார்கள். ஒன்றில் ஊதா நிறம் பொங்கும், இன்னொன்றில் வெள்ளை இழைகள் சுழலும், மூன்றாவதில் பஞ்சுப்பொதி போல மேகம். மூன்றும் ஒரே புயல்தான். ஆனால் மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை. இந்தப் படங்கள் வரும் வானிலைத் தளங்களை ஏழெட்டு வருடமாகத் தினமும் பார்த்து வருகிறேன். எதை எதற்காகத் திறக்க வேண்டும் என்று புரியவே எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

முதலில் எர்த் நல்ஸ்கூல். கேமரன் பெக்காரியோ என்ற நிரலாளர் 2013 கடைசியில் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஃபெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டன்பெர்க் இருவரும் அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு காற்று வரைபடம் போட்டிருந்தார்கள்; அதுதான் இதற்குத் தூண்டுதல். திறந்ததும் கறுப்புப் பின்னணியில் ஓர் உருண்டை, அதன்மேல் காற்று மெல்லிய இழைகளாக ஓடிக்கொண்டிருக்கும். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லாது. கீழே மூலையில் உள்ள 'எர்த்' என்ற சொல்லைத் தொட்டால்தான் பெட்டி திறக்கும். இது தெரியாமல், அழகான படம் என்று பார்த்துவிட்டு மூடிவிடுபவர்கள் அதிகம். அந்தப் பெட்டிக்குள் கடல் நீரோட்டம் இருக்கிறது, தூசு இருக்கிறது, பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் காற்றும் இருக்கிறது.

தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் போட் வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் ஒரு கார்த்திகை மாலையில் இதைக் காட்டினேன். இழைகள் எல்லாம் வடகிழக்கிலிருந்து நம் கரையை நோக்கிச் சரிந்து வந்துகொண்டிருந்தன. போனைக் கையில் வாங்கி, கண்ணருகே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது வாடைடா. கீழ இலங்கைகிட்ட எப்படித் திரும்புது பாரு" என்றார். படத்தில் ஊர்ப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. காற்றைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிட்டார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்துப் பழகியவருக்கு அந்தப் படம் ஏற்கெனவே தெரிந்த ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "சரிடா, நாளைக்கு விடியக்காலை மூணு மணிக்கு எப்படி இருக்கும்?"

நல்ஸ்கூல் தடுமாறுவது அந்தக் கேள்வியில்தான். ஓர் இடத்தைத் தொட்டால் அந்த நேரத்துக்கான திசையும் வேகமும் சொல்லும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு அம்புக்குறியைத் தட்ட வேண்டும், அதற்கடுத்ததற்கு இன்னொரு தட்டு. உலகம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுவதில் இதை அடிக்க ஆளில்லை. ஓர் ஊரின் ஒரு வாரத்தை எடுத்துச் சொல்ல இது செய்யப்படவில்லை.

அதற்கு விண்டி. செக் நாட்டின் செஸ்னம் தேடுபொறியை நிறுவிய இவோ லுகாசோவிச் 2014இல் தொடங்கியது. கடலூருக்கு நேரே கடலில் ஒரு புள்ளியைத் தொட்டால் வாரம் முழுவதும் அட்டவணையாக விரியும்: காற்று, திடீர்க் காற்று வீச்சு, மழை, அலை உயரம், அலைக்கு அலை எத்தனை நொடி. சித்தப்பா கடைசி வரியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வார். ஐந்து நொடிக்கு ஒன்று என்றால் பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. பன்னிரண்டு நொடி என்றால் எங்கோ தொலைவிலிருந்து வரும் பெருவீச்சு அலை. காற்றே இல்லாத காலையிலும் கரையில் உடைந்து போட்டைத் தூக்கிப் போடும். இலவசக் கணக்கில் மூன்று மணி நேர இடைவெளியில் காட்டும். மணிக்கு மணி வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். புயல் வாரத்துக்கு மூன்று மணி நேரமே போதும் என்பது என் அனுபவம்.

ஆனால் விண்டியை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் வேறு. அங்கே கணிப்பு மாதிரிகளை, அதாவது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல்களை, அருகருகே வைத்து ஒப்பிடலாம். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் தலைமையகம் உள்ள ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி ஒரு பக்கம், அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் ஒரு பக்கம், ஜெர்மனியின் ஐகான் ஒரு பக்கம். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் ஓரளவு நம்பிக் காரியம் பார்க்கலாம். ஒன்று நாகப்பட்டினம், இன்னொன்று நெல்லூர் என்றால், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று அர்த்தம். குழுவுக்கு வரும் படங்களில் எந்த மாதிரி, எப்போது ஓட்டிய கணக்கு என்ற இரண்டும் வெட்டப்பட்டிருக்கும். அப்படி ஒரு படம் வந்தால் அதைப் பிறருக்கு அனுப்ப வேண்டாம் என்று எங்கள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நல்ஸ்கூல் காற்றுக்கு எடுத்துக்கொள்வது ஜிஎஃப்எஸ் ஒன்றைத்தான். அமெரிக்கர்கள் அதைப் பொதுவில் தருவது 0.25 டிகிரி கட்டங்களாக. நம் பக்கம் ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். கடலூரும் புதுச்சேரியும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். ஐரோப்பிய மாதிரி 9 கிலோமீட்டர் நுணுக்கம் கொண்டது. திரையில் கோடுகள் தலைமுடி மாதிரி நுண்ணியதாக ஓடுவதைப் பார்த்து, நம் தெரு வரைக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கட்டத்துக்குக் கட்டம் இருக்கும் இடைவெளியைக் கணினி வரைந்து நிரப்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

வென்ட்டஸ்கையும் செக் நாட்டுத் தளம்தான். எண்களை வரைபடத்தின் மேலேயே எழுதிக் காட்டும் என்பதால் சித்திரை வெயிலில் எந்த ஊரில் எத்தனை டிகிரி என்று பார்க்க வசதி. புயலுக்கு விண்டி கையில் இருக்கும்போது இதைத் திறக்க எனக்குத் தனிக் காரணம் கிடைக்கவில்லை.

ஜூம் எர்த் கதை வேறு. பால் நீவ் என்பவர் 2005இல் ஃப்ளாஷ் எர்த் என்ற பெயரில் தொடங்கியது. இதன் சிறப்பு செயற்கைக்கோள் படம். மேலே சொன்ன தளங்களில் நான் பார்க்கும் காற்றும் மழையும் கணக்கு, இது கண். சில நிமிடங்களுக்கு முன் மேகம் உண்மையில் எங்கே இருந்தது என்பதை இங்கே பார்க்கலாம். பகலில் இயற்கை நிறத்திலும், இரவில் அகச்சிவப்பிலும் காட்டும். மாதிரி சொன்ன இடத்தில்தான் சுழி இருக்கிறதா என்று சரிபார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு குறை: மேகத்தின் உச்சிதான் தெரியும். அடியில் யார் வீட்டில் மழை கொட்டுகிறது என்பது தெரியாது.

அதைச் சொல்வது ரேடார் மட்டும்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பக்கத்தில் சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். பக்கம் அழகாக இருக்காது. புயல் இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பதால் சில சமயம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஆனாலும் பொறுமையாகக் காத்திருந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் எங்களுக்கு இதை நன்றாகப் புரிய வைத்தது. புயலாக வலுக்காமலே கரை கடக்கலாம் என்றிருந்த கணிப்பு மாறி, 29ஆம் தேதி அது புயலானது. 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கரை கடந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் குழுவில் பலர் தூங்கப் போய்விட்டார்கள். என் தங்கை வீடு விழுப்புரத்தில். நான் ரேடாரை மூடவில்லை. கனமழையைக் காட்டும் அந்த மஞ்சளும் சிவப்பும் படத்துக்குப் படம் இடம் மாறவே இல்லை. சுழி கரையேறிய இடத்திலேயே நின்றுவிட்டது. கீழ்த்தளத்தில் இருக்கும் அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் மாடிக்கு ஏற்றச் சொல்லி அவளை எழுப்பினேன். "கரை கடந்துடுச்சுன்னு சொன்னாங்களேண்ணா" என்றாள். விடிந்தபோது அவள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். அதே மாவட்டத்தில் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் பெய்திருந்தது.

புதிதாக வந்திருப்பது செயற்கை நுண்ணறிவு மாதிரிகள். ஐரோப்பிய மையம் தன்னுடைய ஏஐஎஃப்எஸ் மாதிரியை 2025 பிப்ரவரியில் முறையான பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூனில் கூகுள் டீப்மைண்ட் வெதர் லேப் என்ற தளத்தைத் திறந்தது. ஒரு புயலுக்கு ஐம்பது சாத்தியப் பாதைகளை, 15 நாள் வரைக்கும் வரைந்து காட்டும். எனக்கு இதில் பிடித்தது, ஒற்றைக் கோடு போடாமல் விசிறி மாதிரி விரித்துக் காட்டுவது. விசிறி அகலமாக இருக்கும்வரை எந்த ஊரின் பெயரையும் உச்சரிக்க வேண்டாம் என்று பார்த்ததுமே புரிந்துவிடும். ஆய்வு நிலையில் உள்ள தளம் என்று அவர்களே சொல்கிறார்கள். எச்சரிக்கைக்கு வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பைத்தான் கேட்க வேண்டும்.

ஆக, என் வரிசை இது. ஒரு வாரம் இருக்கும்போது விண்டியில் மாதிரிகளை ஒப்பிடுவேன். இரண்டு நாள் இருக்கும்போது ஜூம் எர்த்தையும் திறந்து, கணக்கும் கண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பேன். கடைசிப் பன்னிரண்டு மணி நேரம் ரேடார், மழை விடும்வரை. நல்ஸ்கூலை மழை இல்லாத நாட்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பேன். பழைய தேதிக்கும் போகலாம். 2018 நவம்பர் 15 இரவுக்குக் கொண்டுபோய் வைத்தால் கஜா வேதாரண்யத்தை நெருங்கிக்கொண்டிருப்பது தெரியும். கட்டம் பெரிது என்பதால் அன்றைய உச்சக் காற்று அதில் மங்கித்தான் இருக்கும். சித்தப்பாவிடம் அதைக் காட்டியபோது எண்ணைப் பார்க்கவில்லை. சுழியின் வட விளிம்பில் விரல் வைத்து, "அன்னைக்கு நம்ம போட்டு இங்கதான் கட்டியிருந்துச்சு" என்றார்.