சின்ன டிரஸ்ட் நடத்துபவருக்கு இலவசப் பாடங்களும் செய்திமடல்களும்: சில வருட அனுபவம்

ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவே சில கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. சம்பளம் வாங்குகிறவர்களை ஒரே ஆட்டோவில் ஏற்றிவிடலாம். மீதி வேலை முழுக்கத் தன்னார்வலர்கள் தலையில்தான். 2020 ஊரடங்கில் மையங்கள் மூடிக் கிடந்தபோது இணையவழிப் பாடங்களிலும் தொண்டுத் துறைச் செய்திமடல்களிலும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். சிலவற்றை இன்றுவரை விடவில்லை, பலவற்றை விட்டுவிட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு எது உதவும், எது நேரத்தைத் தின்னும் என்று எழுதி வைக்கலாம் எனத் தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை, நம்பத்தக்க செய்திக்குத்தான் பஞ்சம். அந்தப் பாடங்களும் தனியாக உட்கார்ந்து படித்தால் சான்றிதழோடு நின்றுவிடுகின்றன.

பாடங்களுக்கு நான் அதிகம் போவது இரண்டு தளங்களுக்கு. ஒன்று காயா. சேவ் தி சில்ட்ரன் யு.கே.யைச் சேர்ந்த ஹியூமானிடேரியன் லீடர்ஷிப் அகாடமி 2016இல் தொடங்கியது. இன்னொன்று டிசாஸ்டர்ரெடி. இதை கார்னர்ஸ்டோன் ஆன்டிமாண்ட் அறக்கட்டளை 2013 முதல் நடத்துகிறது. இரண்டும் இலவசம். தனி ஆளாகவே கணக்குத் தொடங்கலாம். பாடம் முடித்ததும் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். பேரிடர் நிவாரணம், குழந்தைப் பாதுகாப்பு, திட்ட மேலாண்மை, நிதி திரட்டல், தன்னார்வலர் நிர்வாகம் என்று என்ன தேடினாலும் ஏதோ ஒன்று கிடைக்கும். ஆங்கிலம்தான் பிரதானம். பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு உண்டு. தமிழை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

இந்தப் பாடங்களை யாருக்காகத் தயாரித்தார்கள் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பல நாடுகளில் கிளை, தலைமையகம், தனித்தனித் துறை என்று இருக்கும் பெரிய அமைப்புகளின் ஊழியர்களுக்கானவை. அதனால் சுருக்கெழுத்துகள் மழையாகக் கொட்டும். "உங்கள் மனிதவளத் துறையை அணுகவும்" என்று வரும்போது எங்கள் அலுவலகத்தில் சிரிப்பு வரும். எங்களுக்கு மனிதவளத் துறையும் கணக்குத் துறையும் அலுவலகச் சாவி வைத்திருப்பவரும் ஒரே ஆள்தான்.

அப்படியும் அவற்றை விடாமல் இருப்பதற்குக் காரணம் 2023 டிசம்பர். அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் மையம் நடக்கும் பள்ளிக்கூடங்களே முகாம்களாகின. ஸ்பியர் கையேடு என்று ஒன்று இருக்கிறது. பேரிடரில் ஒரு மனிதருக்குக் குறைந்தபட்சம் என்னென்ன கிடைக்க வேண்டும் என்று உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவுகோல். இப்போது புழக்கத்தில் இருப்பது 2018 பதிப்பு. இதற்கான பாடத்தை வெள்ளத்துக்கு முந்தைய வருடம் நாங்கள் பார்த்திருந்தோம். பார்க்கும்போது, நமக்கு இது எதற்கு என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முகாமில் அந்த எண்கள்தான் கைகொடுத்தன. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர். அதில் குடிக்க மட்டும் என்றால் மூன்று லிட்டருக்குள் அடங்கிவிடும். மீதி சமைக்க, கழுவ, குளிக்க. வந்து குவிந்ததெல்லாம் குடிநீர் பாட்டில்கள். கொண்டு வருபவர்களுக்கு அதுதான் கண்ணில் படுகிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருநூறு பேர் இருக்கும் முகாமுக்கு நாளொன்றுக்கு 3,000 லிட்டர் வேண்டும் என்று ஒரு தன்னார்வலர் சிலேட்டில் எழுதி வைத்தார். அதைக் காட்டித்தான் டேங்கர் தண்ணீர் கேட்டோம். "நிறைய தண்ணி வேணும்" என்று கேட்பதற்கும் எண்ணைச் சொல்லிக் கேட்பதற்கும் அதிகாரிகளிடம் வரும் பதில் வேறாகத்தான் இருந்தது.

கழிப்பறைக் கணக்கும் அப்படியே. இருபது பேருக்கு ஒன்று, ஆரம்ப நாட்களின் நெருக்கடியில் ஐம்பது பேருக்கு ஒன்று. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று இருப்பது நல்லது என்கிறது கையேடு. பள்ளிக்கூடத்தில் இருந்த கழிப்பறைகளை மறுபடி பிரித்து ஒதுக்கச் சொல்ல, எங்கள் பெண் தன்னார்வலர்களுக்கு அந்த ஒரு வரி தைரியம் கொடுத்தது. யாருடைய ஆசையும் இல்லை, எழுதியே வைத்திருக்கிறது என்று காட்ட முடிந்தது.

உளவியல் முதலுதவிப் பாடமும் அந்த நாட்களில் உதவியது. பார், கேள், இணை: சாரம் இந்த மூன்றுதான். பாடத்தைப் பார்த்தபோது ஒரு தன்னார்வலர், "அக்கா, இது நாம எழவு வீட்டுல செய்றதுதானே?" என்றார். பாதி உண்மை. நடந்ததைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்பது மீதிப் பாதி. முகாமுக்கு வந்தவர்களில் சிலர் செல்போனை நீட்டி, வீடு இடிந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை மரியாதையாக வெளியே அனுப்பும் வேலையை அந்தத் தன்னார்வலரே எடுத்துக்கொண்டார்.

இந்தப் பாடங்களை அப்படியே நம்பக் கூடாத ஓர் இடமும் இருக்கிறது. குழந்தைப் பாதுகாப்புப் பாடங்கள் பெரும்பாலும், சந்தேகம் வந்தால் அமைப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்ற ரீதியில் போகும். இந்தியாவில் அது போதாது. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும், காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை. "உள்ளுக்குள்ளேயே விசாரிச்சுப் பார்ப்போம்" என்று காலம் கடத்த இடமில்லை. அதனால் இந்தப் பாடத்தை எங்கள் ஆட்களுக்குக் காட்டும்போது பாதியில் நிறுத்தி, போக்சோவையும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சேர்த்தே பேசுகிறோம். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர்கள் சிலர் உண்டு. இந்தப் பேச்சில் அதிகம் கேள்வி கேட்பவர்கள் அவர்கள்தான்.

பாடங்களைத் தனியாகப் படிக்காமல் சேர்ந்து பார்க்கிறோம். அது இப்படி: மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. பாடத்தை நான் முன்பே முடித்துவிட்டு, அதில் தேவையான இருபது நிமிடத்தை மட்டும் டிவியில் போடுவேன். நடுநடுவே நிறுத்தித் தமிழில் பேசுவோம். கடைசியில், நம் மையத்தில் நாளைக்கே மாற்ற வேண்டியது என்ன என்று ஒன்றை மட்டும் எழுதுவோம். காரியம் நடந்ததெல்லாம் இந்த முறைக்கு வந்த பிறகுதான். ஆளாளுக்கு இணைப்பை அனுப்பிப் படிக்கச் சொன்ன காலத்தில் எல்லாரும் "சரிக்கா" என்றார்கள், அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர்கள் விஷயம் வேறு. நாட்டுநலப் பணித் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டும். அவர்களுக்குச் சான்றிதழ் ஒரு காகிதம் மட்டுமல்ல, வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி. அவர்கள் தனியாகவே படித்து முடித்துவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழ் எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை. இன்னும் ஆழமாகப் படிக்க நினைப்பவர்களை மத்திய அரசு ஆதரவில் நடக்கும் இணையப் பாடத் தளங்களான ஸ்வயம், என்பிடெல் பக்கம் அனுப்புகிறேன். பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம், சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. வாரக் கணக்கில் ஓடும் என்பதால் பொறுமை வேண்டும்.

சரி, செய்திக்கு வருகிறேன். கட்டுரை வாசிப்புக்கு இந்தியா டெவலப்மென்ட் ரிவ்யூ நன்றாக இருக்கிறது. 2017இல் ஆங்கிலத்தில் தொடங்கியது, இப்போது இந்தியிலும் வருகிறது. களத்தில் இருப்பவர்கள் எழுதும் குறிப்புகளைத்தான் முதலில் தேடிப் படிக்கிறேன். கூட்டாண்மை, தாக்கம், விரிவாக்கம் என்று பேசும் தலைவர்களின் கட்டுரைகளை வேகமாகத் தாண்டிவிடுவேன். சட்டம், வரி பற்றி எளிய ஆங்கிலத்தில் தெரிந்துகொள்ள மும்பையின் சென்டர் ஃபார் அட்வான்ஸ்மென்ட் ஆஃப் பிலான்த்ரபி வெளியிடும் குறிப்புகள் எனக்குப் பிடிக்கும். 1986 முதல் இயங்கும் அமைப்பு. பயமுறுத்தாமல் எழுதுகிறார்கள்.

ஒரு சின்ன டிரஸ்டுக்குச் செய்தி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நமக்கு வெளிநாட்டுப் பணமே கிடையாதே என்று பலர் அந்தச் செய்தியைத் தாண்டிப் போனார்கள். ஆனால் அந்தத் திருத்தம், பெரிய அமைப்புகள் தாங்கள் வாங்கிய வெளிநாட்டு நிதியை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதையே தடை செய்தது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பெரிய அமைப்பின் நிழலில் திட்டம் நடத்திக்கொண்டிருந்த சின்னவர்களுக்குத்தான் முதல் அடி.

இரண்டாவது, வருமான வரிப் பதிவு. டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஆகிய பதிவுகளை வைத்திருந்த எல்லாரும் 2021 ஏப்ரல் முதல் 10ஏ படிவத்தில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்றானது. கெடு முதலில் 2021 ஜூன் 30. அப்புறம் தள்ளித் தள்ளிக் கடைசியில் 2024 ஜூன் 30 வரை வந்தது. ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் புதிதாகச் சுற்றியது. "இனி நீட்டிப்பு இல்லை, பதிவு ரத்து" என்று ஒரு ஃபார்வர்டு வந்தால், அன்றே "நாங்கள் முடித்துத் தருகிறோம்" என்று ஒரு எண்ணும் கூடவே வரும். இப்போது எங்கள் வழக்கம், சுற்றறிக்கை எண்ணும் தேதியும் இல்லாத எந்தச் செய்தியையும் செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. எண் இருந்தால் வருமான வரித்துறைத் தளத்தில் போய்ப் பார்த்துவிட்டு, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம். இதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக்கியிருக்கிறோம். எல்லாரும் கவனிப்பது என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நிதி வாய்ப்பு அறிவிப்புப் பட்டியல்களில் நான் ஏமாற்றம் அடைந்ததுதான் அதிகம். ஒரு தளத்தில் சந்தா கட்டியும் பார்த்தேன். வந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு நன்கொடைப் பதிவு கேட்டன, அல்லது எங்கள் மொத்த வருட வரவைவிடப் பெரிய வரவு செலவைக் கேட்டன. உள்ளூர் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு முயல்பவர்கள் முதலில் அந்த நிதியை வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்-1 பதிவை முடித்துவிட்டு, பக்கத்துத் தொழிற்சாலையில் நேரில் போய்ப் பேசுவது மேல். கட்டண வெபினார்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, கடைசி அரை மணியில் அடுத்த வகுப்பை விற்பதுதான் நான் உட்கார்ந்தவற்றில் பாதி.

புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், காயாவில் ஒரே ஒரு பாடம், அதையும் உங்கள் ஆட்களோடு சேர்ந்து பார்க்கச் சொல்வேன். செய்திமடல் இரண்டுக்கு மேல் வேண்டாம். அதோடு நாட்காட்டியில் மே 31ஐக் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். 80ஜி உள்ளவர்கள் நன்கொடையாளர் விவரத்தை 10பிடி படிவத்தில் சேர்க்கப் பழைய சட்டம் வைத்த கெடு அது. தாண்டினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு அமல் தேதி 2026 ஏப்ரல் 1 என்பதால், பழைய பிரிவு எண்களை வைத்து நான் சேர்த்த குறிப்புகளை எல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அதற்காக ஆடிட்டரிடம் ஒரு சாயங்காலம் கேட்டிருக்கிறேன். பக்கத்து ஊர் டிரஸ்ட்காரர்கள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாடம் இந்த முறை தமிழிலேயே நடக்கும்.