எஃப்-35ஆ, கிரிப்பனா? தரையில் நின்றவன் ஓட்டு

நாகர்கோவில்காரர்களான எங்களுக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம்தான். 2025 ஜூன் கடைசியில் அங்கிருந்து சென்னைக்குக் கிளம்பியபோது, ஜன்னல் வழியே அதைப் பார்த்தேன். கொட்டும் மழையில் சாம்பல் நிற எஃப்-35பி போர் விமானம், பக்கத்தில் காவலுக்கு சிஐஎஸ்எஃப் ஆட்கள். ஜூன் 14 அன்று வந்து இறங்கிய பிரிட்டன் விமானம், ஹைட்ராலிக் கோளாறில் மாட்டிக்கொண்டது. பிரிட்டனிலிருந்து ஆட்கள் வந்து, ஹேங்கருக்குள் இழுத்துப்போய்ச் சரிசெய்து, ஜூலை 22-இல்தான் பறந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் டிரம்ப், அமெரிக்காவின் எஃப்-35-ஐ இந்தியாவுக்குத் தர வழி திறப்பதாகச் சொல்லியிருந்தார். சுவீடனின் சாப் நிறுவனமோ தன் கிரிப்பன்-ஈ போர் விமானத்தை நமக்கு விற்கப் பல வருடமாக முயல்கிறது. இரண்டில் எது நமக்கு நல்லது என்று எனக்கும் மருமகனுக்கும் வாக்குவாதம். அவனுக்கு எஃப்-35தான் உசத்தி. ரேடாரில் எளிதில் சிக்காது, தான் பார்ப்பதை மற்ற விமானங்களுக்கும் காட்டும். ரேடாரில் சிக்காத விஷயத்தில் கிரிப்பன் கிட்டவே வராது, சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்சி முடித்து, மிக்-21 பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றவன். விமானம் இறங்கியதும் பிரேக் பாராசூட்டை மடித்துத் திணித்து, எரிபொருள் நிரப்பி, மறுபடி மேலே அனுப்ப எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதுதான் எங்களுக்குக் கணக்கு.

கிரிப்பன் இந்தக் கணக்கிலேயே பிறந்தது. போர் வந்தால் விமானத்தளங்கள்தான் முதலில் அடிவாங்கும் என்று சுவீடன் யோசித்து, விமானங்களைக் காட்டுச் சாலைகளுக்குப் பிரித்து அனுப்பத் திட்டமிட்டது. 800 மீட்டர் சாலை போதும். ஒரு டெக்னீஷியன், கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த ஐந்து இளைஞர்கள், இவ்வளவு பேர் போதும். வான்சண்டைக்கு மறுபடி தயார்செய்யப் பத்தே நிமிடம் என்கிறது சாப். பாராசூட்டும் கிடையாது, மூக்குப் பக்கச் சிறகைச் சாய்த்தே வேகத்தைக் குறைக்கிறது. இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

இனி வரும் போருக்கு இது ரொம்ப முக்கியம். 2025 ஜூன் 1 அன்று உக்ரைன், லாரிகளில் ஒளித்துக் கொண்டுபோன டிரோன்களை விட்டு, ரஷ்யாவின் தளங்களில் நின்ற குண்டுவீச்சு விமானங்களை எரித்தது. ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும் விமானம் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் டிரோனுக்கு இலக்குதான்.

மருமகன் விடவில்லை. 2023-இல் நார்வேயின் எஃப்-35ஏ பின்லாந்துச் சாலையில் இறங்கி, எஞ்சினை அணைக்காமலே எரிபொருள் நிரப்பிக் கிளம்பியதைக் காட்டினான். உண்மைதான். திருவனந்தபுரத்தில் நின்றது செங்குத்தாக இறங்கும் பி வகை, இன்னும் சிக்கலான எந்திரம். ஆனால் அதே 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களில் 55 சதவீதம் அளவுக்குத்தான் பணிக்குத் தயாராக இருந்தன என்று அவர்கள் நாட்டுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓவே எழுதியது. பழுதுபார்க்கும் வசதி, உதிரிப்பாகம் இரண்டுமே தட்டுப்பாடு.

நான் இரண்டில் எதையும் கையால் தொட்டவன் இல்லை. அப்புறம், கிரிப்பனில் எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. அதன் எஃப்414 எஞ்சின் அமெரிக்காவின் ஜிஇ தயாரிப்பு. ஜிஇயின் எஃப்404 எஞ்சின் வராமல் நம் தேஜஸ் மார்க்-1ஏ காத்துக் கிடந்ததை மருமகன் மறக்காமல் ஞாபகப்படுத்தினான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் ஓட்டு கிரிப்பனுக்குத்தான்.