நிஃப்டி பீஸுக்கே ஏன் திரும்பி வந்தேன்

ஆறு வருடமாக நிஃப்டி பீஸ் வாங்குகிறேன். நிஃப்டி 50 பட்டியலில் உள்ள ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வைத்திருக்கும் ஈடிஎஃப் அது, அதாவது பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட். நடுவில் அதைவிட இது மலிவு, இதைவிட அது மலிவு என்று இரண்டு மூன்று ஈடிஎஃப்களுக்குத் தாவிப் பார்த்துவிட்டுப் பழைய கடைக்கே வந்துவிட்டேன். மச்சான் போன வாரம் ஏன் என்று கேட்டான், அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சரக்கு பழசு. 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் நிறுவனம் கொண்டுவந்த, இந்தியாவின் முதல் ஈடிஎஃப். கோல்ட்மேன் சாக்ஸ், ரிலையன்ஸ் என்று கைமாறி இப்போது நிப்பான் இந்தியாவிடம் இருக்கிறது. கடைக்காரர் மாறினாலும் உள்ளே அதே நிஃப்டி 50 பட்டியல்தான். 2019 கடைசியில் ஒரு யூனிட்டைப் பத்தாகப் பிரித்துவிட்டதால் சில நூறு ரூபாய் இருந்தாலே போதும்.

நிஃப்டி 50க்கு மட்டும் ஒரு டஜனுக்கு மேல் ஈடிஎஃப் இருக்கிறது, எல்லாம் அதே ஐம்பது பங்குகள் என்பதால் நாம் நேராக செலவு விகிதத்தைத்தான், அதாவது ஃபண்ட் நிறுவனம் வருடத்துக்கு எடுத்துக்கொள்ளும் கட்டணத்தைத்தான், ஒப்பிடப் போவோம். 0.04 சதவீதமா, 0.07 சதவீதமா? லட்ச ரூபாய்க்கு வருடம் முப்பது ரூபாய் வித்தியாசம், அவ்வளவுதான். இந்த முப்பது ரூபாய்க்கு ஆசைப்பட்டு அதிகம் பேர் சீண்டாத ஒரு ஃபண்டுக்குப் போனேன், பேர் வேண்டாம். காலை 9.16க்கு, காபிகூடக் குடிக்காமல், 400 யூனிட்டுக்கு மார்க்கெட் ஆர்டர், அதாவது என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அந்த விலைக்கே வாங்கு என்ற ஆர்டர். உள்ளே இருக்கும் பங்குகளின் அப்போதைய விலைப்படி ஒரு யூனிட்டின் மதிப்பு, அதாவது ஐஎன்ஏவி, 241.80. விற்பவர்கள் வரிசையிலோ 243.60க்கு 25 யூனிட், அதற்கு மேல் 244, 245 என்று துண்டு துண்டாக நின்றது. என் ஆர்டர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மேலே ஏறி, சராசரி 244.40 ஆகிவிட்டது. ஒரு தட்டலில் ஆயிரத்து நாற்பது ரூபாய் காலி. முப்பது ரூபாய் வீதம் அதை மீட்க எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

நிஃப்டி பீஸில் இந்த வயிற்றெரிச்சல் இல்லை. சாதாரண நாளில் வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் நடுவே சில பைசாதான் இடைவெளி. சொத்து அளவில் எஸ்பிஐ நிஃப்டி 50 ஈடிஎஃப் இதைவிடப் பெரியது, 2015 முதல் பிஎஃப் பணம் ஈடிஎஃப்களில் போக ஆரம்பித்ததில் அதற்கும் நல்ல பங்கு. ஆனால் பிஎஃப் பணம் வாங்கி வைத்தால் வைத்ததுதான், தினமும் கைமாறாது. நமக்கு வேண்டியது அன்றாட வால்யூம், அதாவது தினமும் எத்தனை யூனிட் கைமாறுகிறது என்பது.

அமெரிக்கப் பங்கு ஈடிஎஃப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர்தான் போடலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது, 2022 தொடக்கத்திலேயே அதை நெருங்கிவிட்டார்கள். புது யூனிட் உருவாக்க வழியில்லை, கேட்கிற ஆளோ அதிகம், அதனால் மதிப்பைவிட நல்ல பிரீமியத்தில் விற்கிறது. 2025 தீபாவளி சமயத்தில் கைவசம் வெள்ளி கிடைக்காமல் வெள்ளி ஈடிஎஃப்களும் இப்படித்தான் எகிறின.

நிஃப்டி பீஸில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கு இல்லாமல் வாங்க முடியாது, விற்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கிலிருந்து யூனிட்டை எடுக்க டிபி கட்டணம் தனி, ஐயாயிரம் போட நினைத்தால் முழு யூனிட் கணக்கில் கொஞ்சம் சில்லறை மிஞ்சும். மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறவருக்கு சாதாரண நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டே போதும், விலை வரிசையை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். நான் இப்போது பத்து மணிக்கு மேல் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐஎன்ஏவி பார்த்துவிட்டு இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டர்தான் போடுகிறேன்.

இவ்வளவும் கேட்ட மச்சான், "சரி, நேத்து காலையில நான் மார்க்கெட் ஆர்டர் போட்டுட்டேனே" என்றான். எதில் என்று கேட்டேன். வெள்ளியாம்.