அக்கவுண்ட்ஸில் முதல் வேலை: ஆடிட்டர் ஆபீஸா, கம்பெனியா, பி.பி.ஓ.வா?

பி.காம். முடித்தவர் "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை" என்ற விளம்பரத்தைப் பார்த்து மூன்று இடங்களுக்குப் போனால், மூன்று வேறு வேலைகளைத்தான் பார்ப்பார். சம்பளத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு வருடம் கழித்து அடுத்த இன்டர்வியூவில் திணறுகிறார்கள். கணக்கின் எந்தப் பகுதி உங்கள் கைக்கு வரும், தவறு நடந்தால் அது எப்போது தெரியும் என்ற இரண்டையும் வைத்துப் பார்ப்பதே சரி.

ஆடிட்டர் ஆபீஸ்

கிளையன்ட் கொண்டுவந்து வைக்கும் கட்டைப்பையிலிருந்து வேலை தொடங்குகிறது. கொள்முதல் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், பாதி அழிந்துபோன தெர்மல் ரசீது எல்லாம் அதில் கலந்து கிடக்கும். தேதிவாரியாகப் பிரித்து, டேலி என்ற கணக்கு மென்பொருளில் அதற்கான விசையை அழுத்தி ஏற்ற வேண்டும்: எஃப்9 கொள்முதல், எஃப்8 விற்பனை, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, பேங்கில் பணம் கட்டியதும் எடுத்ததும் எஃப்4 கான்ட்ரா.

மாதம் தேதிகளால் ஓடும். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-1. 14ஆம் தேதி, சப்ளையர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியலான 2பி வரும். அதைக் கொள்முதல் கணக்கோடு ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டும் ரிட்டர்னான 3பி. காலாண்டு முறையில் இருக்கும் தமிழ்நாட்டு கிளையன்டுக்கு 3பி கெடு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22. ஒப்பிடும்போது பில் நம் கையில் இருக்கும், 2பியில் இருக்காது. சப்ளையர் ரிட்டர்ன் போடாமல் இருப்பார், அல்லது ஜி.எஸ்.டி. எண்ணை மாற்றி அடித்திருப்பார். 2பியில் வராத வரியை அந்த மாதம் கழிக்க முடியாது. அதனால் போனை எடுத்து அவரைத் துரத்துவதும் உங்கள் வேலைதான்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது வரியின் வகையில். பாலக்காட்டுப் பார்ட்டியின் லெட்ஜரில் மாநிலத்தைத் தமிழ்நாடு என்று விட்டுவிட்டால், வெளிமாநில வரியான ஐ.ஜி.எஸ்.டி. வர வேண்டிய விற்பனைக்கு, மாநிலத்துக்குள் விற்றால் வரும் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. ஏறிவிடும். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 33 தமிழ்நாடு, 32 கேரளா, 29 கர்நாடகா. கவனிக்காமல் கட்டிவிட்டால் சரியான தலைப்பில் மறுபடி கட்டி, தவறாகக் கட்டியதை ரீஃபண்டாகக் கேட்டு அலைய வேண்டும்.

சம்பளம் மூன்றில் இங்கேதான் பெரும்பாலும் குறைவு. இருபது, முப்பது தொழில்களின் கணக்கைப் பார்க்கலாம்; ஆனால் பணத்தை யாருக்கு எப்போது கொடுப்பது என்ற முடிவு எதுவும் உங்களிடம் வராது. செப்டம்பரில் வரித் தணிக்கை நெருக்கடி வரும்போது வீட்டில் விசேஷம் வைத்துக்கொள்ளாதீர்கள். சி.ஏ. ஆர்டிகிள்ஷிப் (சி.ஏ. படிப்பவர் செய்ய வேண்டிய பயிற்சி) வேறு, ஆடிட் அசிஸ்டென்ட் வேலை வேறு. "பிறகு ஆர்டிகிளாக மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், முதலில் நீங்கள் தேர்வு எழுதித் தகுதி பெற வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கம்பெனி அக்கவுண்ட்ஸ்

திருப்பூர் பனியன் யூனிட்டோ கோவை பம்ப் கம்பெனியோ, இங்கே ஒரே தொழிலை அடிமுதல் நுனிவரை பார்க்கலாம். பில் போடுவது, சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் எடுப்பது (சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்தையும் வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயையும் தாண்டினால்), பெட்டி கேஷ், வசூலுக்கு நினைவூட்டல், 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சின்னக் கம்பெனியில் செக் போட பேங்குக்கும் நீங்களேதான் ஓட வேண்டும்.

டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) தேதிதான் இங்கே கடிக்கும். ஜூன் 25 அன்று பிடித்த 20,000 ரூபாயை ஜூலை 7க்குள் கட்ட வேண்டும். ஜூலை 8 அன்று கட்டினால் ஒரு நாள் தாமதம்தானே என்று தோன்றும். வட்டி மாதத்துக்கு 1.5 சதவீதம், பிடித்த நாளிலிருந்து, மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாக. ஜூன், ஜூலை இரண்டும் சேர்ந்து 3 சதவீதம். 600 ரூபாய் போய்விடும்.

இன்னொன்று பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது நம் கணக்கைப் பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது. டேலியில் ஒவ்வொரு வவுச்சரும் டெபிட், கிரெடிட் சமமாகத்தான் ஏறும். அதனால் ட்ரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் இருப்புப் பட்டியல்) சரியாக இருப்பது எதற்கும் சாட்சி இல்லை. பிழை பேங்க் ஸ்டேட்மென்டோடு ஒப்பிடும்போதுதான் வெளியே வரும். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியதா என்று முதலில் தேடுங்கள்: 5,640க்குப் பதில் 5,460 அடித்தால் வித்தியாசம் 180. இதை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் வாராவாரம் செய்பவர்தான் நிம்மதியாகத் தூங்குவார்.

சேரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் யார் போடுகிறார்கள்?" வெளி ஆடிட்டர் என்றால் நீங்கள் டேட்டா அனுப்புவதோடு சரி. பெரிய கம்பெனியில் இன்னொரு ஆபத்து, மூன்று வருடம் பில்லிங் சீட்டிலேயே உட்கார வைத்துவிடுவார்கள்.

பி.பி.ஓ.

வேறு கம்பெனிகளின் கணக்கு வேலையை வாங்கிச் செய்யும் இடம் இது. சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் ஃபைனான்ஸ் பிராசஸ்களில் புதியவருக்குப் பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் பேயபிள்தான், அதாவது சப்ளையர் பில்லைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கும் பிரிவு. பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த பதிவு, இன்வாய்ஸ் மூன்றையும் பொருத்த வேண்டும். ஆர்டர் 100 உருப்படி, விலை 250. வந்தது 95. இன்வாய்ஸ் 100க்கு, 25,000 ரூபாய். 1,250 ரூபாய் வித்தியாசத்தோடு அது பணம் போகாமல் பிளாக்கில் நிற்கும். வாங்கியவரிடம் மெயில் போட்டு விடை வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் தெளிவாக நாலு வரி எழுதத் தெரியாதவர் இங்கேதான் சிரமப்படுவார்.

பெரிய தவறு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவது. ஒருவர் "ஐஎன்வி-045" என்றும் மற்றவர் "ஐஎன்வி045" என்றும் பதிந்தால் மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு பில்களாகத் தெரியலாம். தொகையும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று தேடிய பிறகே பதிய வேண்டும்.

எக்செல், எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள், மாதக் கணக்கை முடிக்கும் ஒழுங்கு மூன்றும் நன்றாகப் பழகும். ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். பக்கம் பெரும்பாலும் கை போகாது. வெளிநாட்டு கிளையன்ட் என்றால் விடுமுறையும் அவர்கள் காலண்டர்படி. பொங்கலன்று லாகின் செய்ய வேண்டி வரலாம்.

எது யாருக்கு

சி.ஏ., சி.எம்.ஏ. படிப்பவருக்கும் பின்னாளில் சொந்தமாக வரி வேலை செய்ய நினைப்பவருக்கும் ஆடிட்டர் ஆபீஸ். உடனே வீட்டுக்குப் பணம் வேண்டும், ஷிஃப்ட் ஒத்துவரும் என்றால் பி.பி.ஓ. மற்றவர்களுக்கு என் வாக்கு ஐம்பது பேருக்குள் இருக்கும் கம்பெனிக்கு, அதுவும் ரீகன்சிலியேஷனை உங்கள் கையில் கொடுத்தால்.

எங்கே சேர்ந்தாலும் சி.டி.சி.யை (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) கைக்கு வரும் சம்பளம் என்று எண்ணாதீர்கள். மொத்தச் சம்பளம் 18,000, அதில் பேசிக் 10,000 என்று வைத்துக்கொள்வோம். பேசிக்கில் 12 சதவீதம் பி.எஃப். 1,200, மொத்தத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. 135 போக, கைக்கு 16,665. கம்பெனி தன் பங்காகப் போடும் பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 585, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் 481 ஆகியவற்றையும் கூட்டி ஆஃபர் லெட்டரில் 20,266 என்று காட்டலாம். அந்தத் தாளை வாங்கியதும் இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.